பழைய கைக்கடிகாரம் வாங்குமுன்...

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் பாளையங்கோட்டையில் படிக்கும் மாணவர். சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரம் ஒன்றை வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் அப்படியொன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டுப் போகிறீர்கள். ஓர் ஆச்சி பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துத் தருகிறார்.

"எங்க வீட்டுக்காரர் கட்டினது தம்பி. அவுக போனபிறகு பெட்டிக்குள்ளேயே கிடக்கு. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் நிக்கும். நான்தான் சாவியை அதிகமாக் கொடுத்துக் கெடுத்துட்டேன் போலிருக்கு."

கண்ணாடி மங்கியிருக்கிறது. கூட்டின் ஓரங்கள் தேய்ந்திருக்கின்றன. டயலில் எச்.எம்.டி. என்ற எழுத்துகள். என்ன விலை கொடுக்கலாம்? வாங்கலாமா, வேண்டாமா? விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இந்நிலையில் இருவருள் ஒருவர் ஏமாறுவது உறுதி. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம், ஆச்சியாகவும் இருக்கலாம். பள்ளியில் படித்த இயற்பியலைச் சற்றே துணைக்கு அழைத்தால் இருவருமே ஏமாறாமல் இருக்க வழி உண்டு. அது எப்படி என்று காண்போம்.

வீட்டுக்கு வீடு எச்.எம்.டி.

1880-களில் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கிய காலத்தில், சொந்தக் கைக்கடிகாரம் என்பது சாதாரண மக்களுக்கு எட்டாத பொருள். பிற்காலத்தில் வசதி உள்ளோர் கட்டிய கடிகாரங்களும் பெரும்பாலும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவையே. இந்நிலையை மாற்றியது இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசு நிறுவனம். 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961-இல் அங்கே கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் எனப் பல பெயர்களில் கடிகாரங்கள் வெளிவந்தன. கல்யாண மாப்பிள்ளைக்கும், தேர்வில் தேறிய பிள்ளைக்கும், ஓய்வு பெறும் ஊழியருக்கும் கைக்கடிகாரம் பரிசளிப்பது வழக்கமாயிற்று.

1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் முன்னே சாவிக் கடிகாரம் நிற்க இயலவில்லை. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதென 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதன் பிறகு பழைய கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர். தேடுவோர் பெருகினால் போலிகளும் பெருகும் அல்லவா?

உள்ளே நடப்பது என்ன?

கடிகாரத்தைச் சோதிக்க வேண்டுமானால், அது எப்படி ஓடுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நீங்கள் சாவி கொடுக்கும்போது, உருளை ஒன்றினுள் சுருண்டிருக்கும் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. உங்கள் விரல்களின் ஆற்றல் அதில் சேமிக்கப்படுகிறது. அது விரியும்போது வரிசையாக அமைந்த பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. தடுப்பார் இல்லாவிட்டால் ஸ்பிரிங் சில நொடிகளில் முழுவதும் விரிந்துவிடும். அதைத் தடுத்து, ஆற்றலைத் துளித் துளியாக வெளிவிடும் காவலாளிதான் பேலன்ஸ் சக்கரம். மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங் ஒன்றுடன் பிணைக்கப்பட்டு அது இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பல் மட்டுமே நகர வழிவிடுகிறது. அந்த ஒலியே நாம் கேட்கும் 'டிக்'.

இச்சுருள் ஸ்பிரிங்கைக் கடிகாரத்தில் அமைக்கும் முறையை 1675-இல் வெளியிட்டவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அது தம்முடைய கருத்தே என்று வாதாடினார் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக். உங்கள் பாடநூலில் உள்ள 'ஹூக் விதி'க்கு உரியவர் இவரே.

எச்.எம்.டி. ஜனதாவில் பேலன்ஸ் மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள். ஆண்டுக்குச் சுமார் 15 கோடியே 77 லட்சம்! நாளொன்றுக்கு ஒரு நிமிடம் தவறினால் பிழை எவ்வளவு? 1,440 நிமிடத்தில் 1 நிமிடம்; அதாவது 0.07 சதவீதம்தான். பல பத்தாண்டு ஓடிய ஒரு பொறி இந்த அளவுக்கு உண்மை பேசுவது வியப்பன்றோ?

17 கற்களின் கணக்கு

டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவை அலங்காரக் கற்கள் அல்ல. சக்கரங்களின் நுண்ணிய அச்சு முனைகள் சுழலும் இடங்களில் உராய்வைக் குறைப்பதற்கான செயற்கை மாணிக்கங்கள். கல்லில் துளையிட்டு அச்சு தாங்கும் முறைக்கு 1704-இலேயே இலண்டனில் காப்புரிமை வழங்கப்பட்டது. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரெஞ்சு வேதியியலார் வெர்னேய் 1902-இல் அறிவித்த பிறகு கற்கள் மலிவாயின.

வழக்கமான 17 கல் அமைப்பில் பேலன்ஸுக்கு 5 கற்கள், அதனை இயக்கும் கவைக்கு 4, மற்ற நான்கு சக்கரங்களுக்கும் இரண்டிரண்டாக 8. ஆக மொத்தம் 17. மெயின் ஸ்பிரிங் இருக்கும் உருளைக்குக் கல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே எஃகு அச்சு பித்தளைத் துளையில் சுழல்கிறது. எண்ணெய் உலர்ந்தால் முதலில் தேய்வது இத்தகைய இடங்களே.

கல் தேயாது, ஆனால் கல்லில் சுழலும் எஃகு முனை தேயும். எண்ணெயில் தூசி கலந்தால் அது உப்புத்தாள் போல அராவத் தொடங்கும். எனவே "ஓடுதுல்லா, பிறகென்ன?" என்ற கேள்விக்கு விடை இதுதான்: எண்ணெய் இல்லாமலும் கடிகாரம் ஓடும். ஓட ஓடத் தன்னையே தின்றுகொண்டிருக்கும்.

முதல் சோதனை: சாவி

சாவி கொடுக்கும் குமிழை மெதுவாகத் திருகுங்கள். ஒவ்வொரு திருகுக்கும் 'கிர் கிர்' என்ற சீரான ஓசை வரவேண்டும். இறுக்கம் சிறிது சிறிதாக ஏறி, முடிவில் நின்றுவிட வேண்டும். எவ்வளவு திருகினாலும் இறுக்கமே ஏறாமல் சுற்றிக்கொண்டே போனால், மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கக்கூடும். (தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வகைக்கு இது பொருந்தாது, அவற்றில் ஸ்பிரிங் வழுக்கிச் சுற்றும்படியே அமைக்கப்பட்டுள்ளது.) குமிழை வெளியே இழுத்து முள்ளை இரு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். முள் வழுக்கக்கூடாது, குமிழ் கையோடு வந்துவிடக்கூடாது.

முழுச் சாவி ஏறியும் கடிகாரம் ஓடவில்லை என்றால் என்ன பொருள்? "சாவி அதிகமாகிவிட்டது" என்பார்கள். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை இது. உண்மை வேறு. ஸ்பிரிங் முழுதும் இறுகி நிற்பது அதன் இயல்பான நிலை. மூர்க்கமாகத் திருகி உடைத்தாலன்றி அதனால் கேடு வருவதில்லை. இறுகிய ஸ்பிரிங்கின் முழு விசை தள்ளியும் சக்கரங்கள் நகரவில்லை என்றால், உலர்ந்து பிசினாகிப்போன எண்ணெயும் அழுக்கும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதே பெரும்பாலும் காரணம். ஆச்சி தாம் கெடுத்துவிட்டதாக இத்தனை நாள் வருந்தியிருக்கிறார். கெடுத்தது அவர் கை அன்று, காலம்.

இரண்டாம் சோதனை: காது

கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேளுங்கள். 'டிக், டிக், டிக்' என்று சம இடைவெளியில் ஒலிக்க வேண்டும். நொண்டுபவர் நடப்பதுபோல 'டிக்டிக்... டிக்டிக்...' என்று கேட்டால், பேலன்ஸின் ஆட்டம் இரு பக்கமும் சமமாக இல்லை. இது சரிசெய்யக்கூடிய குறையே. ஆயினும் செலவு உண்டு.

பிறகு கடிகாரத்தைப் பல நிலைகளில் வைத்துப் பாருங்கள். டயல் மேலே இருக்கும்படி படுக்க வைத்தால், பேலன்ஸ் அச்சு தன் கூர்முனையில் நின்று பம்பரம்போல் சுழல்கிறது, உராய்வு குறைவு. செங்குத்தாக நிறுத்தினால் அச்சு பக்கவாட்டில் சாய்ந்து கல்லைத் தொடுகிறது, உராய்வு அதிகம். ஆதலால் படுத்தால் ஓடி, நிறுத்தினால் நின்றுவிடும் கடிகாரத்தில் எண்ணெய் உலர்ந்திருக்கும். அல்லது அச்சு முனை தேய்ந்திருக்கும். ஆச்சியின் கடிகாரம் ஒரு நாள் ஓடி ஒரு நாள் நிற்பதன் மர்மம் இதுவாகவே இருக்கலாம். பெட்டியில் எப்படிக் கிடந்ததோ, அப்படி!

மூன்றாம் சோதனை: ஒரு மணி நேரம்

விற்பவர் ஒரு நாள் முழுவதும் கடிகாரத்தைக் கொடுத்தனுப்புவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கலாம் அல்லவா? உங்கள் கைப்பேசி காட்டும் நேரத்துடன், விநாடி முள் 12-ஐத் தொடும் கணத்தை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். 2 விநாடி வேறுபட்டால் நாளைக்கு 48 விநாடி. பழைய கடிகாரத்துக்கு இது மோசமில்லை. நாளைக்குப் பல நிமிடங்கள் முந்திச் சென்றால் ஐயப்படுங்கள்.

ஏன் முந்துகிறது? காந்தம் ஒரு காரணமாக இருக்கலாம். ஒலிபெருக்கி, கைப்பேசி உறை, பை மூடி எனக் காந்தங்கள் இன்று எங்கும் உள்ளன. ஹேர் ஸ்பிரிங் காந்தமேறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஸ்பிரிங்கின் பயன்படும் நீளம் குறைகிறது. நீளம் குறைந்தால் விறைப்பு கூடும். விறைப்பு கூடினால் ஊசலாட்டம் விரைவாகும். ஆகவே கடிகாரம் வேகமாக ஓடுகிறது. பள்ளிக்கூடத் திசைகாட்டி ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். கடிகாரத்தின் துடிப்புக்கேற்ப ஊசி நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது. அஞ்ச வேண்டாம். மாறுதிசை மின்னோட்டச் சுருளில் காட்டி மெல்ல விலக்கினால் காந்தம் நீங்கிவிடும். பழுது பார்ப்பவருக்குச் சில நிமிட வேலை.

மிகப் பழைய கடிகாரமானால் வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். சாதாரண எஃகில் செய்த ஹேர் ஸ்பிரிங் சூட்டில் தளரும். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் கடிகாரம் நாளைக்குச் சுமார் 10 விநாடி பிந்தும். வெப்பத்தால் எளிதில் மாறாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டறிந்த கில்லோம் என்ற அறிஞர் 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். பிற்காலக் கடிகாரங்களில் இத்தகைய கலவைகளே வழக்கமாயின.

ஆற்றில் குளித்த கடிகாரம்

தாமிரபரணிக் கரையில் கடிகாரம் வாங்குவோர் தனியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதைக் கட்டிக்கொண்டு ஆற்றில் குளித்ததுண்டா?"

வெயிலில் நடந்து வருகிறீர்கள். கடிகாரத்தினுள் இருக்கும் காற்று 40 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே படித்துறையில் இறங்கி 27 டிகிரி உள்ள நீரில் மூழ்குகிறீர்கள். தனிவெப்ப அளவில் 313-இலிருந்து 300-க்கு இறங்குகிறது. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் அதே விகிதத்தில், ஏறத்தாழ 4 சதவீதம் குறையும். இது சுமார் 40 சென்டிமீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமம். ஆக, முழங்கால் ஆழ நீரில் கை நனைத்தாலும் கடிகாரம் தானே நீரை உறிஞ்சுகிறது! பின்மூடியிலும் குமிழிலும் உள்ள ரப்பர் வளையம் இளமையாக இருந்தால் தடுக்கும். பல ஆண்டுகளில் அது காய்ந்து வெடித்திருக்கும்.

அடையாளங்கள் எவை? கண்ணாடியின் உட்புறம் பனி படிந்த தோற்றம், டயலில் புள்ளி புள்ளியாகக் கறை, முள்களில் துரு, குமிழைத் திருகும்போது கரகரப்பு. கூட்டையும் கவனியுங்கள். பித்தளைமேல் பூசிய குரோமியம் வேர்வை உப்பால் அரிக்கப்பட்டுக் குழி விழுந்திருக்கும். முழுவதும் துருப்பிடிக்காத எஃகால் ஆன கூடு இதைத் தாங்கும். பின்மூடி மட்டும் எஃகாக இருப்பதும் உண்டு. எனவே அதில் உள்ள எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பட்டை கோக்கும் காதுகளின் உட்புறத்தைப் பாருங்கள். மஞ்சள் நிறம் தெரிந்தால் அடியில் இருப்பது பித்தளை.

பளபளப்பு என்ற எச்சரிக்கை

அழுக்கான கடிகாரத்தைக் கண்டு அஞ்சுவோர், பளபளக்கும் கடிகாரத்தைக் கண்டு மயங்குவர். உண்மையில் எதிர்மாறாக இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுக் கூட்டில் நேற்று செய்தது போன்ற டயல் எப்படி வந்தது? பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வண்ணம் பூசி எழுத்து அச்சிட்டுப் பல இயந்திரங்களின் பாகங்களைச் சேர்த்து விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. சேகரிப்பாளர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலியாகச் சொல்வதுண்டு.

பூதக்கண்ணாடி ஒன்றைக் கொண்டு போங்கள். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மை பரவியிருக்கிறதா? நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் உள்ளனவா? 12-க்கு நேரே முள்கள் சரியாக நிற்கின்றனவா? ஜனதாவும் பைலட்டும் ஒரே வகை மெஷினைக் கொண்டவை. பைலட்டின் கறுப்பு டயலுக்குத் தேடுவோர் அதிகம். ஆதலால் ஜனதாவுக்குக் கறுப்பு டயல் மாட்டி பைலட் ஆக்குவது எளிது. நேரம் சரியாகவே காட்டும். சொல்வது மட்டும் பொய்.

இருட்டில் ஒளிர்வதற்காக எண்களில் பூச்சு உள்ள பழைய வெளிநாட்டுக் கடிகாரமானால் மேலும் கவனம் வேண்டும். 1960-களுக்கு முற்பட்ட பலவற்றில் ரேடியம் கலந்த பூச்சு உண்டு. இப்போது ஒளிரவில்லையே என்று எண்ண வேண்டாம். ஒளி தரும் துத்தநாக சல்பைடுதான் கெட்டுவிட்டது. ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அமெரிக்காவில் 1920-களில் தூரிகையை உதட்டில் கூராக்கி இப்பூச்சை எழுதிய இளம்பெண்கள் பலர் நோயுற்று மாண்டனர். இத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறப்பதோ பூச்சைச் சுரண்டுவதோ கூடாது. அதன் தூசி உடலுக்குள் செல்வதே பேராபத்து.

விலையும் நியாயமும்

இனி விலை. நல்ல நிலையில் உள்ள அதே வகைக் கடிகாரம் என்ன விலை போகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். அதிலிருந்து கழுவி எண்ணெய் இடும் கூலியையும், மாற்ற வேண்டிய பாகங்களின் விலையையும் கழியுங்கள். கணக்குக்காக, நல்ல கடிகாரம் 2,000 ரூபாய் என்றும், கழுவ 500 என்றும், கண்ணாடிக்கு 100 என்றும் கொண்டால், எஞ்சும் 1,400 நியாயமான விலை. இந்தத் தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து பார்க்க விற்பவர் இசைந்தால் மிக நன்று. உள்ளே துரு இருக்கிறதா, திருகாணித் தலைகள் சிதைந்துள்ளனவா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தனி மனிதரிடம் வாங்கும்போது பின்னால் முறையிட இடம் குறைவு என்பதை மறவாதீர்கள். 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, பொருளின் தரத்தைப் பார்த்து வாங்கும் பொறுப்பு பொதுவாக வாங்குபவருடையதே. விற்பவருக்கு உரிமையில்லாத பொருளை வாங்கினால் உங்களுக்கும் உரிமை வராது. எனவே யார், என்று, என்ன விலைக்கு விற்றார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்குத் தயங்கமாட்டார்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு சோதனைகளையும் செய்த பின், ஆச்சியின் கடிகாரம் கலப்படமில்லாதது, கூடு முழு எஃகு, குறை எண்ணெய் மட்டுமே என்று உங்களுக்குத் தெரிகிறது. அவரோ, "என்னமோ இருநூறு ரூவா குடுத்துட்டு எடுத்துக்கிடு தம்பி" என்கிறார். இப்போது உங்கள் அறிவை எதற்குப் பயன்படுத்துவீர்கள்? குறைகளைச் சொல்லி விலையைக் குறைக்க உதவிய அதே அறிவு, நிறைகளைச் சொல்லி விலையை உயர்த்தவும் உதவ வேண்டும். "ஆச்சி, இது இன்னும் கூடுதலாப் பெறும். நீங்க கெடுக்கவும் இல்ல, எண்ணெய்தான் காஞ்சுபோச்சு" என்று சொல்லிப் பாருங்கள். கேட்ட பிறகு, இதை விற்பதில்லை, கழுவிக் கொடுத்தால் போதும், பேரன் கட்டட்டும் என்று அவர் பெட்டியில் திரும்ப வைத்துவிடவும் கூடும். நீங்கள் வெறுங்கையுடன் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

அப்படி நேர்ந்தாலும் இழப்பில்லை. கடிகாரத்தைப் பார்க்கத் தெரிந்துகொண்டீர்கள். அடுத்தது எப்படியும் கிடைக்கும். நின்றுபோன கடிகாரம் ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.